நான் இன்னும் முடிக்கவில்லை

எனக்குத் திக்குவாய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் தெரியவந்து யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். சில வார்த்தைகள் வரும்போது உதடு ஒட்டிக்கொள்ளும். வாய் அசையும், கழுத்து நரம்பு புடைக்கும், சத்தம் மட்டும் வராது. கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடும். இதுவரை வராமல் போனதில்லை.

இங்கே நான் பேசியதையெல்லாம் சீராகத்தான் எழுதப்போகிறேன். எழுத்துக்கு நடுவே கோடு கிழித்து, புள்ளி வைத்து, என் திக்கலை வேடிக்கை காட்ட எனக்கு இஷ்டமில்லை. நான் பேசும் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு மடங்கு நேரம் ஆனதாக நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நானும் தங்கையும்தான். தங்கமானவள், ஆனால் என் வாக்கியங்களை முடித்துவைப்பதில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படி ஓர் ஆர்வம். நான் "கதவை" என்று ஆரம்பித்தால், "சாத்தணுமா?" என்பாள். கதவை யாரோ தட்டுகிறார்கள் என்றுதான் நான் சொல்ல வந்திருப்பேன். அதனால் ஒரு சட்டம் போட்டேன். என் வாக்கியத்தை யாராவது முடித்தால், சரியாகவே முடித்தாலும், நான் மறுபடி முதல் வார்த்தையிலிருந்து தொடங்குவேன். தங்கை பட்டுத்தான் பழகினாள்.

நான் வேலை செய்வது ஒரு செயலி நிறுவனத்தில். ஆட்கள் குரல் அறைகளில் கூடிப் பேசுவதற்கான செயலி அது. சமையல் அறை, கிரிக்கெட் அறை, விவாகரத்து ஆனவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லும் அறை என்று ஆயிரம் இருக்கின்றன. நான் அதன் திரைகளை வரைபவள். எந்தப் பொத்தான் எங்கே உட்கார வேண்டும், அதில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதெல்லாம் என் வேலை.

சனிக்கிழமை மதியங்களில் அதே செயலியில் எங்களுக்கென்று ஓர் அறை உண்டு. எல்லோரும் திக்குபவர்கள். அறைக்கு 'வந்துட்டே இருக்கேன்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அங்கே இரண்டே விதிகள். ஒருவர் திணறும்போது மற்றவர் வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. யாரிடமும் பெயர் கேட்கக் கூடாது. ஏனென்றால் திக்குபவர்களுக்குப் பெயரைவிடப் பெரிய எமன் கிடையாது. மற்ற வார்த்தை வராவிட்டால் வேறொன்றைப் போட்டுச் சமாளிக்கலாம். பெயருக்கு மாற்று ஏது? அதனால் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். நான் பென்சில். கணக்கு வாத்தியாரம்மா ஒருவர், அவர் டீச்சர். லிஃப்ட் பழுது பார்ப்பவர் ஒருவர் ரேடியோ. எங்கள் எல்லோரிலும் அதிகமாகத் திக்குபவர் அவர், அதிகமாகப் பேசுபவரும் அவரே. கடைக்குப் போனால் சைகையால் சாமான் வாங்குகிற மனிதர், எங்கள் அறைக்கு வந்தால் மைக்கை விடவே மாட்டார்.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. அதுவும் என் அலுவலகத்திலிருந்தே வந்தது.

எங்கள் மேலாளருக்கு மௌனம் என்றால் ஆகாது. அறைகளில் ஆட்கள் யோசித்து யோசித்துப் பேசுகிறார்கள், கேட்பவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள் என்று அவருக்குக் கவலை. அதற்காக 'விறுவிறு' என்று ஒரு புது வசதியைக் கொண்டுவந்தார். பேசுபவர் மூன்று நொடி சத்தமில்லாமல் இருந்தால் மைக் தானாக அணைந்து வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். இதை ஒத்திகை பார்க்க எங்கள் விற்பனைப் பிரிவுக்காரர்களின் குரலைப் பதிவு செய்தார்கள். அவர்கள் சாப்பிடும்போதுகூட மூன்று நொடி வாயை மூடியதாகச் சரித்திரம் இல்லை. ஒத்திகை அமோக வெற்றி.

பிறகு சொல்லாமல் கொள்ளாமல் சில அறைகளில் விறுவிறுவைச் சோதனைக்கு விட்டார்கள். அதில் எங்கள் அறையும் மாட்டியது.

அந்தச் சனிக்கிழமை ரேடியோ ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். "போன வாரம் ஒரு பில்டிங்ல லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. உள்ள ஒரு அம்மா தனியா மாட்டிக்கிட்டாங்க. நான் போய் வெளியில தட்டினேன். யாருப்பா அது, பேரைச் சொல்லுன்னு உள்ளேர்ந்து கத்தறாங்க. நான் என் பேரை..."

அங்கே அவருக்கு அடைத்துக்கொண்டது. நாங்கள் எப்போதும்போலக் காத்திருந்தோம். திடீரென்று அவர் மைக் சாம்பல் நிறமானது. டீச்சரின் மைக்கில் பச்சை விளக்கு எரிந்தது.

டீச்சர் பதறிப்போய், "ஐயோ, நான் ஒண்ணும் பண்ணல. நீங்க சொல்லுங்க ரேடியோ" என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். ரேடியோ முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் அடைத்தது, அதே இடத்தில் அணைந்தது. இன்னொரு முறையும் முயன்று பார்த்தார். அப்புறம் அறையை விட்டே போய்விட்டார். சற்று நேரத்தில் எனக்கு ஒரு செய்தி வந்தது. "மனுசங்கதான் பொறுமையில்லாம இருக்காங்கன்னு இங்க வந்தேன். இப்ப மெஷினுக்கும் பொறுமை இல்ல. நான் கிளம்பறேன் பென்சில்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கைப்பேசியைச் சுவரில் எறியாதது ஆச்சரியம். நாற்பது வயதைத் தாண்டிய மனிதர், யாரும் தன் பேச்சை வெட்டாத இடம் என்று ஒன்றைக் கண்டுபிடித்து உட்கார்ந்திருந்தார். அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை மேலாளர் அறைக்குப் போனேன். "சார், விறுவிறுவை வேணாம்னு நிறுத்திக்க ஒரு பொத்தான் வேணும். திக்கறவங்க பேச்சு நடுவுல வர்ற மௌனம்..."

"காலி நேரம் இல்லைன்னு சொல்றீங்க" என்று முடித்தார் அவர்.

நான் முதலிலிருந்து தொடங்கினேன். "சார், விறுவிறுவை வேணாம்னு நிறுத்திக்க ஒரு பொத்தான் வேணும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசிவரை கேட்டார், அதற்கு நன்றி. கேட்டுவிட்டு, "புரியுது. ஆனா இது உங்க ஒரு ரூம் பிரச்சினை. நிறுத்தறதுக்குப் பொத்தான் வச்சா எல்லாரும் நிறுத்திடுவாங்க. அப்புறம் எதுக்கு இந்த வசதி?" என்றார். எல்லோரும் நிறுத்திவிடுவார்கள் என்றால் யாருக்கும் அது வேண்டாம் என்றுதானே அர்த்தம்? இந்தக் கேள்வி அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

"அதை விடுங்க" என்றார். "மைக் அணையறப்போ வெறும் சாம்பல் கலர் காட்டறது நல்லா இல்ல. ஒரு திரை வரைஞ்சு குடுங்க. இனிமையா ரெண்டு வரி, ஒரு பூ, ஒரு சிரிப்பு முகம். பெரிய கம்பெனியிலேர்ந்து ஒரு மேடம் இதை வாங்க வர்றாங்க. அவங்க வாடிக்கையாளர் சேவைக்கு வேணுமாம்."

வரைந்தேன். பூ இல்லை, சிரிப்பு முகம் இல்லை. பெரிய எழுத்தில் இரண்டே வரி: 'உங்கள் வாயை மூடிவிட்டோம். அடுத்தவர் பேசட்டும்.'

மேலாளர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார். "சரி சரி, நல்ல வார்த்தையாப் போட்டுக் குடுங்க" என்றார்.

"இதுதான் சார் நடக்குது. நடக்கறதைத்தான் எழுதுவேன். மாத்த மாட்டேன்."

இதை அன்றைக்குச் சொன்னேன், அடுத்த கூட்டத்திலும் சொன்னேன், மின்னஞ்சலிலும் எழுதினேன். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அவர் ஒவ்வொரு முறையும், "இப்போதைக்கு இருக்கட்டும், கடைசியில மாத்திக்கலாம்" என்றார். எங்கள் தொழிலில் கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த எதுவும் மாறியதாக நான் பார்த்ததில்லை. மேலாளர் நான் மாற்றிவிடுவேன் என்று நினைத்தார். நிரல் எழுதுபவன் மேலாளர் மாற்றிவிட்டார் என்று நினைத்தான். ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டே இருந்தார்கள்.

இதற்கிடையில் எங்கள் அறையில் டீச்சர் ஒரு வேலை செய்தார். "அது வட்டமாத்தானே சுத்துது?" என்று எழுதிக் கேட்டார். "ஒருத்தர் மைக் அணைஞ்சா அடுத்தவர் பேசாம இருக்கட்டும். அவரோடது அணையும். அதுக்கடுத்தவரும் பேச வேணாம். சுத்திச் சுத்தி முதல் ஆளுக்கே திரும்பி வந்துடும்."

செய்து பார்த்தோம். தையற்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா ஒரு வார்த்தையின் நடுவில் மாட்டிக்கொண்டார். அவர் மைக் அணைந்தது. மற்ற எல்லோரும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தோம். பச்சை விளக்கு ஒவ்வொருவரிடமும் வந்து, ஏமாந்து, அடுத்தவரிடம் போனது. கடைசியில் தையல் அம்மாவிடமே திரும்பியது. அவர் விட்ட எழுத்திலிருந்து தொடர்ந்தார். சிரிப்பை அடக்குவதுதான் பெரிய பாடு. சிரித்தால் மெஷின் அதைப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளும்.

ஆனால் ரேடியோ வரவில்லை. விஷயத்தை எழுதி அனுப்பினேன். "எனக்காக எல்லாரும் வாயைப் பொத்திட்டு உக்காரணுமா? வேணாம்மா" என்று பதில் வந்தது. லிஃப்டுக்குள் இருந்த அந்த அம்மா என்ன ஆனார் என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று.

அந்த வாரம் சுருட்டை என் மேசைக்கு வந்தான். விறுவிறுவுக்கு நிரல் எழுதியவன் அவன்தான். தலைமுடிக்காக அந்தப் பெயர். மடிக்கணினியைத் திறந்து வைத்து, "உங்க ரூம்ல பேய் கீய் இருக்கா?" என்றான். "மைக் பாட்டுக்குச் சுத்துது, ஒருத்தரும் பேசல. அப்புறம் ஒருத்தர் மட்டும் பேசறார். மறுபடி சுத்துது. கோளாறு எங்கன்னு ரெண்டு நாளாத் தேடறேன்."

"கோளாறு இல்ல. நாங்க வேணும்னேதான் பண்றோம்" என்று சொல்லி, எல்லாவற்றையும் விளக்கினேன். ரேடியோவையும் சொன்னேன்.

அவன் திரையைப் பார்த்தபடியே இருந்தான். பேசவில்லை.

"இந்நேரம் உங்களை வெட்டியிருக்கும்" என்றேன்.

அவன் முகம் சுண்டிப்போனது. மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு போனான்.

அந்த மேடம் வரும் நாள் காலையில் தங்கை, "இன்னிக்கு லீவு போட்டுடேன்" என்றாள். "உன்னை அறிமுகம் பண்ணிக்கச் சொல்லுவாங்க. பேரைச் சொல்லணும். எதுக்கு அவஸ்தை?"

"அவஸ்தை எனக்கு இல்ல. கேக்கறவங்களுக்குத்தான்" என்றேன். "படட்டும்."

கூட்ட அறையில் நீள மேசை. ஒரு பக்கம் மேலாளரும் நானும், எதிரே சுருட்டையும் விருந்தாளி மேடமும். சாந்தமான முகம் அவருக்கு, மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். சுவரில் பெரிய திரை. எங்கள் நான்கு பேர் கைப்பேசிகளும் அதில் அப்படியே தெரிந்தன. பேச்சு ஒலிபெருக்கியில் வரும்.

மேலாளர் தேனாகப் பேசினார். தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்தவில்லை. முடித்துவிட்டு, "எங்க டீம் தங்களை அறிமுகம் பண்ணிக்குவாங்க. பேரும் வேலையும். முதல்ல இவங்க" என்று என்னைக் காட்டினார்.

என் கைப்பேசியில் பச்சை விளக்கு எரிந்தது. "வணக்கம். என் பேர்" என்றேன். அதோடு நின்றது. உதடு ஒட்டிக்கொண்டது. நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் தலையைக் குனியவில்லை. அந்த மேடத்தின் கண்ணைப் பார்த்தபடியே முயன்றுகொண்டிருந்தேன்.

மைக் அணைந்தது. சுவர் முழுக்க எழுத்து வந்தது. 'உங்கள் வாயை மூடிவிட்டோம். அடுத்தவர் பேசட்டும்.'

மேலாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். சுருட்டையைப் பார்த்து, பேசு பேசு என்று கையை ஆட்டினார். மைக் இப்போது சுருட்டையிடம்.

சுருட்டை கையைக் கட்டிக்கொண்டான். வாயை இறுக்கி மூடிக்கொண்டான். நானாக அவனிடம் எதையும் கேட்டிருக்கவில்லை. அவன் இதைச் செய்வான் என்று கனவிலும் நினைக்கவில்லை. அவன் எழுதிய நிரல் அவனையே வெட்டியது. சுவரில் மறுபடி அதே வரி, இந்த முறை அவன் பெயருக்குக் கீழே.

மைக் மேடத்திடம் போனது. அவர் சுருட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் இன்னும் என் பெயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். வாங்க வந்தவர் வாயையும் மூடிவிட்டதாகச் சுவர் அறிவித்தது.

மைக் மேலாளரிடம் வந்தது. "மன்னிக்கணும் மேடம், சின்னக் கோளாறு" என்று அவசரமாக ஆரம்பித்தார்.

மேடம் மைக் இல்லாமலே கேட்டார். "கோளாறா? இல்ல, இது இப்படித்தான் வேலை செய்யணுமா?"

மேலாளர் வாயைத் திறந்தார். கோளாறு என்றால் சரக்கு உதவாது. இப்படித்தான் என்றால் அதைவிடக் கேவலம். "அது வந்து" என்றார். கண்கள் கூரையில் எதையோ தேடின. வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. அந்த நிலைமை எனக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாளில் முதல்முறையாக அந்த மனிதர்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

மெஷினுக்கு வரவில்லை. அவருடைய கைப்பேசி அணைந்தது. 'உங்கள் வாயை மூடிவிட்டோம். அடுத்தவர் பேசட்டும்.'

வட்டம் முடிந்து பச்சை விளக்கு என்னிடம் திரும்பியது. என் பெயரை விட்ட இடத்திலிருந்து பிடித்து, முழுவதும் சொன்னேன். ஒலிபெருக்கியில் அது அறை முழுக்கக் கேட்டது. என் பெயர் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

"திரை வரையறது என் வேலை" என்றேன். "சுவத்துல இருக்கற அந்த ரெண்டு வரி நான் எழுதினதுதான். மாத்த மாட்டேன்னு முன்னாடியே சொல்லிட்டேன்."

"இதை நிறுத்தற பொத்தான் எங்க இருக்கு?" என்று மேடம் கேட்டார்.

"இதுவரைக்கும் இல்ல. ஆனா வரைஞ்சு வச்சிருக்கேன். முதல் பக்கத்துலயே."

"அது வந்தப்புறம் கூப்பிடுங்க" என்று மேடம் எழுந்தார். "எங்களுக்கு ஃபோன் பண்றவங்க பாதிப் பேர் அழுதுட்டுத்தான் பேசுவாங்க. அழறவங்களை வெட்டிட்டு நான் யாருக்குச் சேவை பண்றது?"

அவர் போனதும் மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. "கம்பெனி மானத்தையே வாங்கிட்ட. உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

"வேணும் சார். ஆனா அந்தப் பொத்தான்..."

"வச்சுத் தொலை. ஆனா செட்டிங்ஸுக்கு உள்ள, கீழ எங்கயாவது..."

"வேணும் சார்" என்று முதலிலிருந்து தொடங்கினேன். "ஆனா அந்தப் பொத்தான் முதல் பக்கத்துல இருக்கணும். தேடிக் கண்டுபிடிக்கற மாதிரி வைக்க மாட்டேன்."

அவர் குறுக்கே பேச வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். குறுக்கிட்டால் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டிவரும் என்ற பயமாகவும் இருக்கலாம். "என்னமோ பண்ணு" என்றார்.

அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்காமல் வந்துவிட்டேன். சுருட்டை அன்று மாலையே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். என் சம்பள உயர்வு அந்த வருடம் காற்றில் போனது, அது தனிக் கதை. பொத்தான் வந்தது. முதல் பக்கத்தில், கட்டை விரலுக்கு எட்டும் இடத்தில், 'அவசரமில்லை' என்ற ஒரே வார்த்தையோடு உட்கார்ந்திருக்கிறது.

அதைப் படம் பிடித்து ரேடியோவுக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: "யாரும் உங்களுக்காக வாயைப் பொத்த வேணாம். லிஃப்டுக்குள்ள ஒரு அம்மாவை நிறுத்தி வச்சுட்டுப் போயிட்டீங்க. வந்து இறக்கி விடுங்க."

சனிக்கிழமை மதியம் டீச்சர் தன் மாணவர்களின் விடைத்தாள்களைத் திட்டிக்கொண்டிருந்தபோது, பட்டியலில் ரேடியோவின் பெயர் முளைத்தது. டீச்சர் பாதியிலேயே நிறுத்திவிட்டு மைக்கைக் கொடுத்தார்.

"யாருப்பா அது, பேரைச் சொல்லுன்னு அந்தம்மா கத்தறாங்க" என்று ரேடியோ தொடங்கினார். நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி. "நான் என் பேரை ஆரம்பிக்கிறேன். முதல் எழுத்துலயே மாட்டிக்கிச்சு. சத்தம் வரல. ஆள் போயிட்டான்னு நினைச்சு அவங்க இன்னும் கத்தறாங்க. வாய்தானே மாட்டிக்கிச்சு, கை சும்மாதானே இருக்கு? ஒரு பக்கம் பேரோட போராடிக்கிட்டே, இன்னொரு பக்கம் கதவை நெம்பினேன்."

அங்கே அவருக்கு அடைத்தது. பச்சை விளக்கு அவரிடமே எரிந்துகொண்டிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

"பேர் வர்றதுக்கு முன்னாடி கதவு வந்துடுச்சு" என்றார். "அந்தம்மா வெளிய வந்தாங்க. மூச்சு வாங்குது. ஓடிப் போயிருக்கலாம் இல்ல? போகல. என் வாயையே பார்த்துட்டு நின்னாங்க. நான் பேரை முழுசா சொல்லி முடிச்சேன். கேட்டுட்டுத்தான் போனாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கை சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் வாயைத் திறக்கவில்லை.

பெயர் கேட்கக் கூடாது என்பது எங்கள் விதி. டீச்சரே அதை மீறினார். "அது என்ன பேருன்னு எங்களுக்கும் சொல்லக் கூடாதா?"

ரேடியோ சிரித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் எழுத்தில் தொடங்கினார். நாங்கள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டோம். எங்களில் யாருக்கும் அன்றைக்கு வேறு வேலை இல்லை.